திருநாளுக்கு முந்தைய மாலை

எங்கள் அப்பா சுண்ணாம்புப் பூச்சுக் கொத்தனார். காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும் பழைய நகரத்தார் வீடுகளில் சுவர் பூசுவதும் உதிர்ந்த பூச்சைச் சீராக்குவதுமே அவருடைய நாற்பது ஆண்டுப் பிழைப்பாக இருந்தது. வேலைக்கு நாள் சொல்லும்போது அவர் தேதியைச் சொல்லி நான் கேட்டதில்லை. "சூசையப்பர் திருநாளுக்கு முன்னாடி வளவுப் பூச்சு முடிஞ்சுரும் ஆச்சி, முகப்ப அருளப்பர் திருநாளுக்கு முன்னாடி முடிச்சுத் தாரேன்" என்பார். வீட்டுக்கார ஆச்சிக்கும் அந்தக் கணக்கு பழகிப்போயிருந்தது. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரின் மார்ச் 19 திருநாளைப் பங்குனித் தொடக்கம் என்றும், ஜூன் 24இல் வரும் ஸ்நாபக அருளப்பர், அதாவது திருமுழுக்கு யோவான் திருநாளை ஆனி பிறந்து பத்து நாள் என்றும் அவர் தம்முடைய நாள்காட்டிக்கு மாற்றி வைத்துக்கொள்வார்.

அந்தப் பேச்சில் ஒரு சொல்லை நான் வெகுகாலம் கழித்தே கவனித்தேன். அப்பா எப்போதும் "முன்னாடி" என்றுதான் சொல்லுவார். எங்கள் வீட்டில் திருநாள் என்பது ஒரு கெடு. எந்த வேலையை முடித்திருக்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்க வேண்டும், யாரோடு விட்டுப்போன பேச்சைத் தொடர்ந்திருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அதுதான் கடைசி நாள். புத்தாடையும் பூசையும் சோறும் அதற்குப் பிறகு வருபவை. கத்தோலிக்கத் திருநாள்கள் அன்றாட வாழ்க்கையில் என்ன செய்கின்றன என்று யாராவது என்னைக் கேட்டால், திருநாளை விட்டுவிட்டு அதற்கு முந்தைய மாலையைப் பற்றித்தான் நான் பேசத் தொடங்குவேன்.

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் அன்று. திருச்சபையின் வழிபாட்டுக் கணக்கிலேயே ஞாயிறும் பெருவிழாக்களும் முந்தைய நாள் மாலைப் புகழ் என்னும் மாலைச் செபத்தோடு தொடங்குகின்றன. யூத மரபிலிருந்து வந்த வழக்கம் இது. விவிலியத்தின் தொடக்க நூல் முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளும் மாலையிலிருந்து காலைக்குப் போவதாகத்தான் எண்ணப்படுகிறது. கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நாம் நள்ளிரவில் கோயிலில் நிற்பதும் இந்தக் கணக்கின்படியே. பொழுது சாய்ந்ததும் திருநாள் வாசலுக்கு வந்துவிடுகிறது, அதற்குள் வீடு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை எங்கள் அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாமலே அறிந்திருந்தார்.

அப்பத்தாவின் காலத்தில் பெரிய திருநாள்களுக்கு முந்தைய நாள் ஒருசந்தி. ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிட்டு, மற்ற வேளைகளைக் கஞ்சியோ நீராகாரமோ குடித்துக் கழிப்பதற்கு ஒருசந்தி என்றும், புலால் விலக்குவதற்குச் சுத்தபோசனம் என்றும் பெயர். இந்த இரண்டு சொற்களும் இன்றைய பிள்ளைகளின் காதில் விழுவதே அரிதாகிவிட்டது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் நோன்பு ஒழுங்குகளை மாற்றியமைத்த பிறகு, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியுமே கடமையான ஒருசந்தி நாள்களாக நின்றன. அப்பத்தா அதற்குப் பிறகும் டிசம்பர் 24ஆம் நாள் பகல் முழுவதும் கஞ்சித் தண்ணீரோடு இருந்தார். "நாளைக்கு விருந்து இருக்கில்ல, இன்னைக்குப் பசிச்சாத்தானே ஆத்தா அது விருந்து" என்று என்னிடம் சொன்னார். அப்போது எனக்கு ஏழு வயது. அடுக்களையில் அதிரசப் பாகு காய்ந்துகொண்டிருக்கும்போது பசியோடு உட்கார்ந்திருந்த அந்த முதியவளின் முகத்தில் எந்த வருத்தமும் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது.

டிசம்பர் 24 அன்று எங்கள் வீட்டில் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். காலையில் அம்மா அடுக்களைப் பரணைக் காலி செய்வார். ஆண்டு முழுவதும் பக்கத்து வீடுகளிலிருந்து இரவல் வாங்கியிருந்த தூக்குவாளி, படி, அரிக்கஞ்சட்டி, முறுக்கு அச்சு எல்லாம் வெளியே வரும். ஒவ்வொன்றையும் புளி போட்டுத் துலக்கி, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று உள்ளே ஒரு கைப்பிடி அரிசியோ நான்கு முறுக்கோ போட்டு, என்னையும் தம்பியையும் வீடு வீடாக அனுப்புவார். மளிகைக் கடைப் பற்று அன்று பகலுக்குள் தீர வேண்டும், முழுதும் தீர்க்க முடியாத ஆண்டில் அம்மா தாமே கடைக்குப் போய், எவ்வளவு பாக்கி, எப்போது தருவோம் என்று கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவார். பிற்பகலில் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயில் திண்ணையில் வரிசை. அங்கே போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு வேலை இருந்தது. அந்த ஆண்டில் பேச்சு முறிந்த உறவு ஏதாவது இருந்தால் அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும்.

மலைப்பொழிவில் இயேசு சொன்னதைத்தான் அம்மா அடியொற்றினார் என்பதை மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைப் படித்தபோது புரிந்துகொண்டேன். பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்கிறது அந்தப் பகுதி. உனக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அங்கே சொல்லப்படவில்லை. அவருக்கு உன்மேல் இருந்தால் என்றுதான் இருக்கிறது. நியாயம் நம் பக்கம் இருப்பதாக நாம் நினைத்தாலும் நடந்து போக வேண்டியவர்கள் நாம்தான். எங்கள் பெரிய அத்தைக்கு அம்மாமேல் ஒரு நகைக் காரியத்தில் தீராத கோபம் இருந்தது. அதில் அம்மாவின் தவறு ஒன்றுமில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டிசம்பர் 24 அன்று அம்மா அத்தை வீட்டு வாசலில் நின்றார். முதல் இரண்டு ஆண்டுகள் அத்தை உள்ளே கூப்பிடவில்லை. மூன்றாம் ஆண்டு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். அதற்கு மேல் அந்த உறவு பெரிதாகச் சீராகவும் இல்லை. அம்மாவுக்கு அந்தத் தண்ணீர் போதுமாக இருந்தது.

கூலிக் கணக்கும் அந்த மாலைக்குள் முடிய வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அவரிடம் இரண்டு சித்தாள்கள் வேலை பார்த்தார்கள். இருவரும் கிறிஸ்தவர்கள் அல்லர், கிறிஸ்துமஸ் அவர்களுடைய பண்டிகையும் அன்று. 1978 என்று நினைவு. வேலை கொடுத்தவர் பொங்கலுக்கு மொத்தமாகத் தருவதாகச் சொல்லிவிட்டார், அப்பாவிடம் பணமில்லை. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது, சித்தாள்களின் கூலி அன்று மாலையே அவர்கள் கைக்குப் போனது. எனக்கும் தம்பிக்கும் அந்த ஆண்டு புதுத்துணி இல்லை. நான் அழுதேன். கூலிக்காரரின் ஊதியத்தை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்று லேவியர் நூல் சொல்வதும், வேலைக்காரரின் கூலியைத் தராமல் பிடித்துவைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் கற்பிக்கப்படுவதும் அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஞானோபதேச வகுப்பு நினைவிருந்தது. அடுத்தவரின் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு குடிலில் கிடக்கும் குழந்தையின் பாதத்தை எப்படி முத்தமிடுவது என்று அவர் அம்மாவிடம் கேட்டது, இருட்டில் படுத்திருந்த எனக்கும் கேட்டது.

பூச்சுத் தொழில் அவருக்கு இந்தப் பழக்கத்தை ஊட்டியதா, இந்தப் பழக்கம் தொழிலுக்குள் போனதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செட்டிநாட்டுச் சுவர்களின் பளபளப்பைப் பார்க்க இன்று வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கண்ணாடிபோல மின்னுவது மேல்பூச்சுதான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, மணலும் சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ந்த அடிப்பூச்சுகளின் மேல் மெல்லிய ஏடாக அதைத் தேய்த்து ஏற்றுவார்கள். ஆனால் அப்பாவுக்கு வேலை அதற்கு முந்தைய நாளிலேயே தொடங்கிவிடும். சுவரைத் தட்டிப் பார்த்து, பொக்கான இடத்தைச் சுரண்டி எடுத்து, முதல் நாள் மாலையே நீர் தெளித்து ஈரம் ஊற வைப்பார். காய்ந்த சுவரின்மேல் பூசினால் சுவர் நீரை உறிஞ்சிப் பூச்சு பிடிப்பற்றுப் போய்விடும்.

டிசம்பரில் அடுத்த தெருவில் இன்னொரு காத்திருப்பும் நடந்துகொண்டிருக்கும். நகரத்தார் வீடுகளில் கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் முதல் 21 நாள் பிள்ளையார் நோன்பு. நாளுக்கு ஓர் இழையாகக் கோடித் துணியிலிருந்து நூலெடுத்து வைத்து, நிறைவு நாளில் 21 இழைகளையும் திரியாக்கி இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்வார்கள். எங்களுக்கு அது கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலம். நான்கு ஞாயிறுகள், ஊதா நிற உடை, வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. அப்பா வேலைசெய்த வீட்டு ஆச்சி ஒருமுறை அம்மாவிடம், "ஒங்களுக்கு இன்னும் எத்தனை மெழுகுவத்தி பாக்கி?" என்று கேட்டார். அம்மா, "ஒண்ணு ஆச்சி. ஒங்களுக்கு எத்தனை இழை?" என்று கேட்டார். இரண்டு நோன்புகளும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அவை தனித்தனி நம்பிக்கைகள், அவற்றைக் குழப்புவது இரண்டுக்கும் மரியாதை ஆகாது. ஆனாலும் நாள்களை எண்ணிக் காத்திருப்பது என்றால் என்ன என்று ஆச்சிக்கு விளக்க வேண்டிய தேவை அம்மாவுக்கு இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் அப்படித்தான். அவர்கள் வீட்டிலும் அன்று புலால் கிடையாது, எங்கள் வீட்டிலும் கிடையாது. ஆண்டவர் மரித்த நாளின் நினைவுக்காக நாங்கள் விலக்கினோம். ஆச்சி வீட்டிலிருந்து அன்று மட்டும் தயக்கமில்லாமல் குழம்பு வரும்.

அன்றாடத்துக்குள் பக்தி எப்படி நுழைகிறது என்பதற்கு மூவேளைச் செபத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணி ஒலிக்கும்போது, வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னதை நினைத்துச் சொல்லும் சிறு மன்றாட்டு அது. நண்பகல் மணி கேட்டதும் அப்பா சாரத்தின்மேல் நின்றபடியே கரணையைக் கீழே வைத்து, தலையில் சுற்றிய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஈரச் சுண்ணாம்பு அதற்குள் இறுகிவிடாது. அப்பத்தா சொல்லிக்கொடுத்த பழைய செபங்களில் கடவுள் 'சர்வேசுரன்', தூய ஆவியார் 'இஸ்பிரீத்து சாந்து'. வடமொழியிலிருந்தும் போர்த்துக்கீசியத்திலிருந்தும் வந்த சொற்கள், மதுரைச் சீமையின் வாயில் புரண்டு புரண்டு எங்கள் சொற்களாகிவிட்டன. புதிய மொழிபெயர்ப்புகள் தெளிவானவை, அவற்றை நான் மதிக்கிறேன். ஆயினும் நோயில் கிடக்கும்போது என் நாக்கு தானாகச் சொல்வது அப்பத்தாவின் செபத்தைத்தான்.

ஓரியூரைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பக்கத்துப் பக்தியைப் பற்றி எழுத முடியாது. லிஸ்பன் நகரில் 1647இல் பிறந்து, பண்டாரசாமிகளைப்போல உடையுடுத்தி, புலால் விலக்கி, அருளானந்தர் என்ற தமிழ்ப் பெயரோடு மறவ நாட்டில் நடந்த ஜான் தெ பிரித்தோ அடிகளார் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். தடியத்தேவர் என்ற அரச குடும்பத்தவர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, மனைவியருள் ஒருவரோடு மட்டும் வாழ வேண்டும் என்று அடிகளார் சொன்னதும், விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவினராக இருந்ததும் அந்த மரணத்துக்கு உடனடிக் காரணங்கள். விலக்கப்பட்ட அந்தப் பெண்ணின் துயரத்தையும் நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அவர் பக்கத்துக் கதையை யாரும் எழுதிவைக்கவில்லை. 1947இல் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. தேவகோட்டைப் பள்ளி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கொரு அருளானந்து இருப்பார்.

அடிகளார் இறந்த நாள் அந்த ஆண்டின் சாம்பல் புதன். எங்கள் பங்குச்சாமி ஒருவர் மறையுரையில் இதைச் சொன்னபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அப்பாவை அதைவிட ஆழமாகத் தொட்டது பிப்ரவரி 3. அன்று அடிகளார் காவலில் இருந்தபடி தம் உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மை இல்லாததால் கரியை நீரில் கரைத்து எழுதியதாகச் சொல்வார்கள். மறுநாள் என்ன நடக்கும் என்று அறிந்த ஒருவர், முந்தைய மாலையில் உட்கார்ந்து தம் பொறுப்புகளை ஒப்படைத்து விடைபெற்றுக்கொள்கிறார். வேதசாட்சியின் வீரத்தைப் பற்றி மறையுரைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். கணக்கை முடித்துக்கொண்டு படுக்கப் போன அந்த மாலையைப் பற்றி என் அப்பாதான் பேசினார்.

அதனால் நாங்கள் ஓரியூருக்குத் திருநாள் அன்று போவதில்லை, முதல் நாளே போய்விடுவோம். தேவகோட்டை வழியாகத் திருவாடானைப் பக்கம் பேருந்து மாறிப் போக வேண்டும். இரவு அந்த மணலில்தான் படுக்கை. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த எல்லாச் சமயத்தாரும் அங்கே கிடப்பார்கள். பிள்ளைக்கு முடியிறக்க வந்தவர்களும் ஆடு நேர்ந்து கொண்டுவந்தவர்களும் அடுத்தடுத்து அடுப்பு மூட்டியிருப்பார்கள். அடிகளார் சிந்திய இரத்தத்தால் அந்த மண் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அம்மா அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பழைய பவுடர் டப்பாவில் போட்டுச் சுரூபத்தின் அடியில் வைத்திருப்பார். காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசுவார். பூசிவிட்டு மருத்துவரிடமும் கூட்டிப்போவார். இரண்டையும் அவர் எதிரெதிராக வைத்துப் பார்த்ததே இல்லை.

இன்று திருநாள்களுக்குக் குறைவில்லை. கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், பத்தாம் நாள் சப்பரபவனி, சமபந்தி விருந்து எல்லாம் முன்பைவிட விமரிசையாக நடக்கின்றன. சப்பரம் தெருவில் திரும்பும்போது வேற்றுச் சமய வீடுகளின் வாசலிலும் நீர் தெளித்துக் கோலமிட்டு, உப்பும் மிளகும் பூவும் கையில் ஏந்தி நிற்பதைப் பார்க்கும்போது என் நெஞ்சு இன்றும் நிறைகிறது. ஆனால் முந்தைய மாலைகளை நாங்கள் இழந்துகொண்டிருக்கிறோம். அந்த மாலை இப்போது விளக்குச் சரங்களைச் சோதிப்பதிலும் ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பதிலும் துணிக்கடைக் கூட்டத்திலும் போய்விடுகிறது. பாவசங்கீர்த்தன வரிசை குறுகிவிட்டது. ஒருசந்திக் கடமை தளர்த்தப்பட்டதை நான் குறை சொல்லவில்லை. உழைத்துக் களைத்த உடல்களின்மேல் சட்டம் சுமையாக இருந்தது உண்மை. சட்டம் விலகிய இடத்தில் அன்பு தானாக அந்த வேலையைச் செய்யும் என்று ஆறாம் பவுல் எதிர்பார்த்தார். நாங்கள் செய்யவில்லை என்பதே என் வருத்தம், அந்த 'நாங்களில்' நானும் இருக்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு, வீட்டைப் பாகம் பிரிப்பதில் எனக்கும் தம்பிக்கும் பேச்சு முறிந்தது. காரணங்களை இங்கே எழுதுவது அவனுக்கு நியாயம் ஆகாது. ஆறு ஆண்டுகள் அவனோடு நான் பேசவில்லை. அந்த ஆறு ஆண்டுகளிலும் ஒரு திருநாளைக்கூட நான் தவறவிடவில்லை. குருத்து ஞாயிறன்று ஓலையைச் சிலுவையாக மடித்துச் சுரூபத்தின் பின்னால் செருகினேன். அடுத்த தவக்காலம் நெருங்கியதும் காய்ந்த அந்த ஓலையைக் கோயிலில் கொடுத்தேன். அதை எரித்த சாம்பலையே சாம்பல் புதனன்று நெற்றியில் பெற்றேன். பெரிய வியாழன் இரவு நற்கருணை முன்னால் ஒரு மணி நேரம் விழித்திருந்தேன். ஆகஸ்டு 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும் நாள்களில், காவியுடுத்தி எங்கள் சாலை வழியே நடந்துபோகிறவர்களுக்கு மோர் கலந்து கொடுத்தேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தாருக்கு மோர் கொடுத்துப் பழகிய தெரு அது. எல்லாவற்றையும் செய்தேன். தம்பி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. என் வீட்டிலிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பிரான்சு நாட்டுக் குளூனி துறவு மடத்தின் தலைவர் ஓடிலோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தம் மடங்களில் இறந்தோர் அனைவருக்காகவும் ஏற்படுத்திய நாள், பிறகு திருச்சபை முழுவதற்கும் பரவியது. அப்பா இருந்தவரை நவம்பர் 1 அன்றே எங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார். அப்பத்தா, தாத்தா கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்ததும் மீதியைக் கொட்டிவிட மாட்டார். யாரும் வராத கல்லறைகள், பெயர் அழிந்தவை, குடும்பமே ஊரைவிட்டுப் போனவை என்று தேடித் தேடி ஒரு பூச்சுப் பூசுவார். "நாளைக்கு எல்லாரு வீட்டுக்கும் ஆள் வரும். இவுக வீட்டுக்கு வராது. வெள்ளையாவது அடிச்சிருக்கட்டும்" என்பார்.

ஆறாம் ஆண்டு நவம்பர் 1 மாலையில் நான் தனியாகப் போனேன். கடையில் வாங்கிய பொட்டலச் சுண்ணாம்பை வாளியில் கரைத்து எடுத்துப்போயிருந்தேன். அப்பா, அம்மா கல்லறை ஏற்கெனவே வெள்ளையாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. இரண்டு வரிசை தள்ளி, பெயர் இல்லாத ஒரு மேட்டின் முன்னால் தம்பி குந்தியிருந்தான். அப்பாவைப்போலவே தலைத்துண்டைத் தோளில் போட்டிருந்தான். என்னைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. நான் அருகில் போய் வாளியை வைத்தேன். மன்னிப்பு கேட்கும் சொற்களை வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தவளைப்போல இப்போது எழுதினால் அது பொய். அவன் அங்கே இருப்பான் என்றே நான் நினைக்கவில்லை. சற்று நேரம் கழித்துச் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை என் பக்கம் நீட்டி, "அக்கா, அந்தப் பக்கத்த நீ அடி. பொழுது போகுது" என்றான்.

இருட்டும்வரை ஏழு கல்லறைகளுக்கு அடித்தோம். வீட்டைப் பற்றிப் பேசவில்லை. பாகப் பிரிவினை இன்றும் முழுதாக முடியவில்லை, அதில் எனக்கும் அவனுக்கும் இன்னும் வெவ்வேறு எண்ணங்கள்தான். அந்த டிசம்பர் 24 அன்று என்னிடம் இருந்த அம்மாவின் பித்தளை அண்டாவைத் துலக்கி, உள்ளே அரிசி போட்டு, அவன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவன் மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய மாலையில் அதே அண்டா, உள்ளே அதிரசத்தோடு, என் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

நேற்று அவன் போன் செய்தான். பொட்டலச் சுண்ணாம்பு போன மழைக்கே கரைந்துவிட்டதாம், இந்த ஆண்டு கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வீட்டிலேயே நீற்றிக்கொள்ளலாம் என்றான். நன்றாக நீறிப் பதமாவதற்குச் சில நாளாவது ஆகுமாம். அக்டோபர் 28க்கு முன்னாடியே தொட்டியில் போட்டுவிட வேண்டும், நீ பழைய தொட்டியைக் கழுவி வை என்றான்.